ஸ்மிஜின்: ஆச்சி சொல்லும் 'துளியூண்டு' அளவை ஆங்கிலத்தில் எழுத ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் பல வீடுகளில் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கச் சொன்னால் திணறுவார்கள். அவர்களுக்காக அப்பத்தாவின் குழம்பையும் பணியாரத்தையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுக்க உட்காரும்போது பெரிய அளவுகள் ஒன்றும் சிரமம் தருவதில்லை. ஆழாக்கு, படி எல்லாவற்றையும் கிராமாகவோ கப்பாகவோ மாற்றிவிடலாம். மாட்டிக்கொள்வது சின்ன அளவுகளில்தான். "துளியூண்டு பெருங்காயம்", "ரெண்டு கல்லு உப்பு", "லேசா மஞ்சப்பொடி" என்று ஆச்சிகள் சொல்லும் இடங்களில் எல்லாவற்றுக்கும் 'லிட்டில்' என்று எழுதிவிட்டுப் போனால், படிக்கிற பிள்ளை அரை ஸ்பூன் போட்டுவிடும்.

ஆங்கிலத்திலும் இந்தச் சின்ன அளவுகளுக்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது: பின்ச், டேஷ், டாப் (dab), டச், ஹின்ட், ட்ரேஸ், ஐயோட்டா, ஸ்மிஜின். இதில் நம்மவர்கள் அதிகம் குழம்புவது கடைசிச் சொல்லில்தான் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

படி 1: சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள்

எழுத்துப்படி பார்த்தால் எஸ், எம், ஐ, டி, ஜி, ஈ, என். நடுவில் 'டி' இருக்கிறதே என்று நம் ஊரில் "ஸ்மிட்-ஜென்" என்று பிரித்துப் படிக்கிறோம். அந்த 'டி' தனியாக ஒலிக்காது. 'பிரிட்ஜ்' என்று நாம் எழுதுகிற சொல்லின் கடைசியில் வரும் அதே 'ஜ்' ஒலிதான், "ஸ்மிஜின்" என்று சொன்னால் போதும். கடைசி எழுத்துகளை 'ஐ, என்' என்றும் 'ஈ, ஓ, என்' என்றும் எழுதுவோரும் உண்டு, மூன்றுமே அகராதிகளில் இருக்கின்றன, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை முழுக்க அதையே எழுதுங்கள். இன்னும் சுருக்கி 'ஸ்மிஜ்' என்றும் பேச்சில் சொல்வார்கள்.

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்க ஆங்கிலத்தில் எழுத்தில் வரத் தொடங்கிய சொல் இது. எதிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றுதான் அகராதிகள் சொல்கின்றன. ஸ்காட்லாந்துப் பேச்சு வழக்கோடு தொடர்பு இருக்கலாம் என்பது ஒரு ஊகம்.

பொருள் என்ன என்றால், மிகக் கொஞ்சம். ஆனால் 'வெரி ஸ்மால் குவான்டிட்டி' போல விறைப்பான கொஞ்சம் இல்லை. நாம் 'கொஞ்சூண்டு', 'துளியூண்டு' என்று சொல்லும்போது குரலில் ஒரு செல்லம் வருமே, அது இந்தச் சொல்லிலும் உண்டு. அதனால் சமையல் குறிப்பில், வீட்டுப் பேச்சில், சொந்தக்காரர்களுக்கு எழுதும் செய்தியில் நன்றாக உட்காரும். வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் "எ ஸ்மிஜின் ஆஃப் இன்ட்ரஸ்ட்" என்று போட்டால் அவர் நீங்கள் கேலி செய்வதாக நினைப்பார்.

படி 2: எந்தச் சொல்லோடு சேரும் என்று பாருங்கள்

எண்ண முடியாத பொருளோடுதான் இது இயல்பாகச் சேரும். உப்பு, மஞ்சள், நெய், சர்க்கரை, வெல்லப்பாகு, பொறுமை, நம்பிக்கை இவையெல்லாம் சரி. "எ ஸ்மிஜின் ஆஃப் சால்ட்" சரி. "எ ஸ்மிஜின் ஆஃப் கேஷ்யூஸ்" இடறும், முந்திரியை எண்ணலாம், அங்கே 'எ ஃப்யூ' போட்டுவிடுங்கள். கிராம்பு, மிளகு, ஏலக்காய்க்கும் இதே கதைதான். ஆனால் அதே ஏலக்காயைப் பொடித்துவிட்டால் ஸ்மிஜினுக்குத் தயார்.

பொருளை அளக்க மட்டும் இல்லாமல் தன்மையை அளக்கவும் வரும். குழம்பில் உப்பு லேசாகத் தூக்கலாக இருக்கிறது என்பதற்கு "எ ஸ்மிஜின் டூ சால்ட்டி". கல்யாண வீட்டில் குத்துவிளக்கைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தச் சொல்ல வேண்டுமா, "மூவ் இட் எ ஸ்மிஜின் டு த லெஃப்ட்". யாராவது பாத்திரத்தைக் காட்டி இன்னும் வேண்டுமா என்று கேட்டால் "ஜஸ்ட் எ ஸ்மிஜின்" என்று நிறுத்திக்கொள்ளலாம். செட்டிநாட்டு விருந்தில் இதைச் சொல்லிப் பயனில்லை, இலையில் எப்படியும் விழும்.

பன்மையில் 'ஸ்மிஜின்ஸ்' என்று அதிகம் வராது. இரண்டு ஸ்மிஜின், மூன்று ஸ்மிஜின் என்று எண்ண ஆரம்பித்தாலே அந்தச் சொல்லின் குணம் போய்விடுகிறது. எண்ணத் தோன்றினால் அது ஸ்மிஜின் இல்லை, கரண்டியைத் தேடுங்கள்.

படி 3: இல்லை என்று அழுத்திச் சொல்லும்போது

"ஒரு குண்டுமணித் தங்கம்கூட இல்லை", "இம்மியும் அசையவில்லை", "எள்ளளவும் சந்தேகம் இல்லை" என்கிறோம். அளவைச் சுருக்கிச் சுருக்கிக் கடைசியில் அதுவும் இல்லை என்று அடிப்பது. ஆங்கிலத்திலும் இதே ஆட்டம் உண்டு. ஸ்மிஜின் இங்கேயும் வரும். 2014 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ஒபாமா, வருமான வரித்துறை விவகாரத்தைப் பற்றி ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவரிடம் கேட்டபோது "நாட் ஈவன் எ ஸ்மிஜின் ஆஃப் கரப்ஷன்" என்று சொல்லி, அந்தச் சொல்லையே அங்கே அரசியல் வாதத்தின் நடுவில் கொண்டுபோய் வைத்துவிட்டார். வீட்டுச் சொல் ஒன்றை அதிபர் எடுத்துப் போட்டதால்தான் அது அப்படி ஒட்டிக்கொண்டது.

எதிர்மறைக்கென்றே வாழும் இன்னொரு சொல் ஐயோட்டா. கிரேக்க நெடுங்கணக்கில் உருவத்தில் மிகச் சிறிய எழுத்தின் பெயர் அது. "நாட் ஒன் ஐயோட்டா" என்றால் இம்மியும் இல்லை. இதை உடன்பாட்டில் போட்டு "ஆட் ஒன் ஐயோட்டா ஆஃப் டர்மரிக்" என்று எழுதினால் சிரிப்பார்கள். ஆதாரத்துக்கு 'ஷ்ரெட்', உண்மைக்கு 'கிரெய்ன்' என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு துணை இருக்கிறது, அதை மாற்றாமல் விடுவது நல்லது.

ஒரு பொறி மட்டும் கவனம். 'பின்ச் ஆஃப் சால்ட்' என்று ஒரு சிட்டிகை உப்பை எழுதலாம், தப்பில்லை. ஆனால் "டேக் இட் வித் எ பின்ச் ஆஃப் சால்ட்" என்று முழுசாக எழுதினால் 'அதை அப்படியே நம்பிவிடாதே' என்று பொருள். பானகத்தை ஒரு சிட்டிகை உப்போடு குடிக்கச் சொல்ல நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.

படி 4: பொருளின் உருவத்தைப் பார்த்துச் சொல்லை மாற்றுங்கள்

இதுதான் நம்மவர்கள் அதிகம் தவறுகிற இடம். ஆங்கிலத்தில் சின்ன அளவுச் சொற்கள் அளவால் மட்டும் பிரிவதில்லை, பொருள் காய்ந்ததா ஈரமா குழைவா என்பதாலும் பிரிகின்றன.

இரண்டு விரலுக்கு நடுவில் எடுக்கிற தூள் என்றால் 'பின்ச்', நம்முடைய சிட்டிகையேதான். குப்பியைச் சாய்த்து ஒரு வீச்சு விடுகிற எலுமிச்சைச் சாறு, நல்லெண்ணெய் போன்றவற்றுக்கு 'டேஷ்'. விரல் நுனியில் தொட்டுத் தடவுகிற குழைவான பொருள் என்றால் 'டாப்'. வெற்றிலைக்குத் தடவுகிற சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதை 'பின்ச் ஆஃப் லைம்' என்று எழுதினால் இரண்டு பிழை: சுண்ணாம்பைக் கிள்ளி எடுப்பதில்லை, அப்புறம் 'லைம்' என்றதும் சமையல் குறிப்பு படிக்கிறவர் எலுமிச்சையை நினைப்பார். "எ டாப் ஆஃப் ஸ்லேக்ட் லைம் பேஸ்ட்" என்று எழுத வேண்டும். கூடினால் வாய் வெந்துவிடும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

கத்தியால் சீவி எடுக்கிற மெல்லிய துண்டு 'ஸ்லிவர்'. இஞ்சி ஒரு துண்டு என்றால் 'நாப்' (knob). ஜாதிக்காயைத் துருவியில் இரண்டு இழுப்பு இழுப்பதை 'எ கிரேட்டிங் ஆஃப் நட்மெக்' என்பார்கள். வாசனையாக மட்டும் தெரிந்து, வாயில் தனியாகத் தட்டுப்படாத அளவுக்கு 'ஹின்ட்'. செட்டிநாட்டுக் குழம்பில் கல்பாசிக்கு இந்தச் சொல்தான் பொருத்தம், காரணம் கீழே வருகிறது.

ஸ்மிஜின் இந்த எல்லா உருவத்துக்கும் பொதுவாக வரக்கூடியது. அதனாலேயே தெளிவில்லாதது. தூளா, குழைவா என்று சொல்லவேண்டிய இடத்தில் ஸ்மிஜின் என்று மழுப்பாமல் அதற்குரிய சொல்லைப் போடுங்கள், கையின் பொறுப்பில் விட்டுவிடலாம் என்று உங்களுக்கே தோன்றுகிற இடத்தில் மட்டும் ஸ்மிஜினைப் போடுங்கள்.

படி 5: எண் வேண்டும் என்பவர்களுக்கு எண்

ஆங்கிலம் பேசும் நாடுகளில் கடைகளில் குட்டிக் கரண்டிகள் ஒரு கொத்தாக விற்கின்றன, ஒவ்வொன்றிலும் டேஷ், பின்ச், ஸ்மிஜின் என்று பொறித்திருக்கும். வேடிக்கைக்குச் செய்தது போல இருந்தாலும் அவற்றில் பெரும்பாலும் ஒரே கணக்குதான்: டேஷ் என்பது டீஸ்பூனில் 1/8, பின்ச் 1/16, ஸ்மிஜின் 1/32. இரண்டு ஸ்மிஜின் சேர்ந்தால் ஒரு பின்ச், இரண்டு பின்ச் ஒரு டேஷ். இது சட்டம் போட்டு வைத்த அளவு இல்லை, கரண்டி செய்கிறவர்கள் வைத்துக்கொண்ட வழக்கம். ஆனாலும் பேரப்பிள்ளையிடம் அந்தக் கரண்டி இருந்தால் உங்கள் குறிப்பை அதை வைத்துத்தான் அளக்கும், அதனால் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக் கரண்டியில் டீஸ்பூன் 5 மில்லிலிட்டர். அப்படியென்றால் ஸ்மிஜின் ஏறக்குறைய 0.15 மில்லிலிட்டர். தூள் உப்பு ஒரு டீஸ்பூன் சுமார் 6 கிராம், அதில் ஸ்மிஜின் 0.2 கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. மஞ்சள் தூள் ஒரு டீஸ்பூன் சுமார் 3 கிராம், அதில் ஸ்மிஜின் 0.1 கிராம்தான். ஒரு கிராமுக்குக் கீழே காட்டாத சமையலறைத் தராசில் இதை நிறுத்துப் பார்க்க முடியாது, நகைக்கடையில் 'மில்லி' கணக்கில் நிறுக்கிறார்களே அந்த மாதிரித் தராசு வேண்டும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை, வீட்டிலேயே கண்ணுக்குப் பழக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது.

ஒரு டீஸ்பூன் மஞ்சள் தூளைத் தலைதட்டி எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். கத்தியின் முதுகால் அதை ஒரே பருமனில் நீளக் கோடாக ஒதுக்குங்கள். சரிபாதியாகப் பிரித்து ஒரு பாதியை டப்பாவில் திருப்பிப் போடுங்கள். மிஞ்சியதை மறுபடி கோடாக்கிப் பாதியாக்குங்கள். மூன்றாவது முறை பாதியாக்கியதும் தட்டில் இருப்பது டேஷ், நான்காவதில் பின்ச், ஐந்தாவதில் ஸ்மிஜின். இப்போது அதன் பக்கத்திலேயே உங்கள் இரண்டு விரலால் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டுப் பாருங்கள், அப்புறம் மூன்று விரலால். பலருக்கு மூன்று விரல் சிட்டிகை டேஷுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஆச்சி வீட்டில் இருந்தால் அவர்களையும் ஒரு சிட்டிகை போடச் சொல்லிப் பாருங்கள், உங்கள் சிட்டிகையும் அவர்களுடையதும் ஒன்றாக இருக்காது. குறிப்பில் போகவேண்டியது அவர்களுடைய விரல் அளவு, உங்களுடையது இல்லை.

படி 6: பொருள் பொருளாக

உப்பிலிருந்து தொடங்கலாம். "ரெண்டு கல்லு உப்பு" என்பது எண்ணிப் போடுகிற அளவு, அதைச் சிட்டிகையாக மாற்றத் தேவையே இல்லை. "டூ ஆர் த்ரீ கிரிஸ்டல்ஸ் ஆஃப் கோர்ஸ் சீ சால்ட்" என்று எழுதுங்கள். கல் உப்பு என்றதும் 'ராக் சால்ட்' என்று போடுவது நம் ஊரில் பரவலாக இருக்கிறது, ஆனால் அது வெட்டியெடுக்கிற இந்துப்பைக் குறிக்கும். நம் வீட்டுக் கல் உப்பு கடல் நீரைக் காயவைத்து எடுப்பது.

பெருங்காயத்தில் சொல்லைவிடப் பொருள்தான் சிக்கல். கட்டியா தூளா என்று எழுதாமல் 'ஸ்மிஜின் ஆஃப் அசஃபெட்டிடா' என்று எழுதினால் பாதிக் குறிப்புதான். கடையில் வாங்குகிற தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவும் பிசினும் கலந்திருக்கும், அதனால் காரம் குறைவு. கட்டி என்றால் மிளகளவு, பட்டாணியளவு என்று உருவத்தைச் சொல்லிவிடலாம், 'த சைஸ் ஆஃப் எ பெப்பர்கார்ன்' என்பது ஆங்கிலத்திலும் இயல்பாகவே இருக்கும். இன்னும் சரியாக வேண்டுமானால் கரைத்துவிடுங்கள்: ஒரு கிராம் கட்டியை நான்கு டீஸ்பூன் வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்தால் ஒரு டீஸ்பூன் தண்ணீரில் கால் கிராம் இருக்கும். பெருங்காயத் தண்ணீர் நம் வீடுகளில் இருக்கிற பழக்கம்தான், அளந்து வைத்தால் கைக்குக் கைக்கு மாறாது.

ஆப்ப சோடாவில் இரக்கமே காட்டாதீர்கள். பணியாரத்திலோ சீயத்திலோ அது கூடினால் எண்ணெய் குடிக்கும், வாயில் ஒரு காரத்தன்மை நிற்கும். இங்கே ஸ்மிஜின் என்று எழுதிவிட்டு நகரக்கூடாது, மாவின் அளவைச் சொல்லி எண்ணையும் எழுதுங்கள். ஆப்ப சோடா என்பது 'பேக்கிங் சோடா'. 'பேக்கிங் பவுடர்' வேறு, அதில் புளிப்புப் பொருளும் மாவும் கலந்திருப்பதால் வீரியம் குறைவு. இரண்டையும் மாற்றிப் போட்டால் எந்தச் சின்ன அளவுச் சொல்லும் காப்பாற்றாது. வெள்ளைப் பணியாரத்துக்கு இந்தத் தொல்லையே வேண்டாம், நன்றாக ஊறி நைசாக அரைபட்ட மாவு சோடா இல்லாமலே உப்பும். அதற்குரிய அளவே தனி அழகு: ஆழாக்கில் பச்சரிசியைத் தலைதட்டி, அதன் மேலே உளுந்தைக் கோபுரமாக நிற்கிற வரை வைப்பது. இதை எத்தனை கிராம் என்று மாற்றுவதைவிட அப்படியே எழுதிவிடுவது மேல், ஆழாக்கின் வாட்டத்தில் உள்ள எந்தப் பாத்திரத்தை எடுத்தாலும் விகிதம் ஏறக்குறைய நிற்கும்.

கல்பாசி ஒரு பாசிக்காளான், காய்ந்த செதிலாக இருக்கும், எடையே தெரியாது. ஒரு ஸ்பூனில் அடைத்தாலும் காற்றுதான் பாதி. அதனால் கரண்டிக் கணக்கு இதற்குச் சரிவராது. கூடினால் கசப்பு, மண்வாடை. "ஒன் ஆர் டூ ஸ்மால் ஃப்ளேக்ஸ், ஜஸ்ட் ஃபார் எ ஹின்ட்" என்று எழுதினால் படிப்பவருக்கு எவ்வளவு, எதற்கு என்று இரண்டும் புரியும். அன்னாசிப்பூவை இதழ் கணக்கிலும் மராட்டி மொக்கை ஒன்று, பாதி என்றும் எழுதுங்கள்.

கடைசியாகப் பச்சைக் கற்பூரம். சர்க்கரைப் பொங்கலிலோ பாயசத்திலோ கடுகளவுக்கும் குறைவாகப் போடுவது. இது உண்மையிலேயே ஸ்மிஜினுக்கும் கீழே, அதனால் அந்தச் சொல்லை இங்கே எழுதவே வேண்டாம், "லெஸ் தன் எ மஸ்டர்ட் சீட்" என்று எழுதுங்கள். கூடினால் நஞ்சு, குழந்தைகளுக்கு அதிக ஆபத்து. வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைக்கு, தீபாராதனைக்கு ஏற்றுகிற சூடமும் இதுவும் வேறு வேறு என்பது தெரியாமல் இருக்கலாம், 'எடிபிள் கேம்ஃபர்' என்று தெளிவாகப் போட்டு, கிடைக்காவிட்டால் விட்டுவிடச் சொல்லுங்கள்.

படி 7: இந்தச் சொற்களே வரக்கூடாத இடம்

மருந்து. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து எவ்வளவு என்று பாட்டில் சொல்கிறதோ அதை அதனோடு வந்த மூடியிலோ சிரிஞ்சிலோ மில்லிலிட்டரில் அளக்க வேண்டும். வீட்டு டீஸ்பூன்கள் ஒன்றுக்கொன்று அளவு வேறு.

அடுத்தது, பலகாரம் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள் ஒட்டும் லேபிள். அங்கே வருகிற 'ட்ரேஸ்' சமையல் அளவு இல்லை. சோதித்தால் தெரியும், அளந்து சொல்லும்படி இல்லை என்பது அதன் பொருள். மழைமானியில் அளக்க முடியாத தூறலையும் வானிலைக்காரர்கள் ட்ரேஸ் என்றுதான் குறிப்பார்கள். பாக்கெட்டில் "மே கன்டெய்ன் ட்ரேசஸ் ஆஃப் நட்ஸ்" என்றிருந்தால், முந்திரி, பாதாம் போன்ற கொட்டைகள் எதுவும் சேர்க்காவிட்டாலும் அதே இடத்தில், அதே பாத்திரத்தில் அவை சேர்த்த பலகாரமும் செய்திருக்கலாம் என்று எச்சரிக்கை. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு அந்தத் துளியே மூச்சை அடைத்துவிடும். நம் பக்கத்து முறுக்கையும் சீப்புச் சீடையையும் கடலை எண்ணெயில் பொரித்திருந்தால் அது ட்ரேஸ்கூட இல்லை, நேரடியாகச் சேர்த்த பொருள், 'பீநட் ஆயில்' என்று பொருள் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். தூள் பெருங்காயம் போட்டிருந்தால் அந்த டப்பாவின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள், கோதுமை மாவோ மைதாவோ கலந்திருந்தால் 'வீட்' என்பதையும் அதே பட்டியலில் சேருங்கள்.